வீட்டுக் கம்ப்யூட்டரில் அமெரிக்க எம்.எஸ். பட்டம்: சேர்ந்தால் போதுமா? முடிக்க என்ன வேண்டும்?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த முதல் மாதம் பாட்டு, படம், விளையாட்டு என்று போய்விடும். அதன் பிறகுதான் "இதை வைத்து உருப்படியாக ஏதாவது படிக்க முடியுமா?" என்ற கேள்வி எழும். சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் உறவினர்களும் அக்கம்பக்கத்து வீட்டினரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "தம்பி, அமெரிக்கா போகாமலே வீட்டில் உட்கார்ந்து அங்குள்ள எம்.எஸ். பட்டம் வாங்கலாமாமே, உண்மையா?"

உண்மைதான். நான் அப்படிப் படித்துத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். முடித்தேன். பகலில் சென்னையில் வேலை, இரவிலும் சனி ஞாயிறுகளிலும் படிப்பு.

இதைச் சொன்னவுடன் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி "எப்படிச் சேர்வது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஊருக்கு நான்கு கன்சல்டன்சிகள் இருக்கின்றன. எப்படி முடிப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பணமும் வருடங்களும் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். எல்லாப் பாடங்களிலும் தேறிய பிறகும் பட்டம் கிடைக்காமல் நிற்க முடியும் என்று சொன்னால் நம் ஊரில் பலர் நம்புவதில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எந்தப் படிப்பு இது?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், 2013 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். பட்டத்தை முழுக்க முழுக்க இன்டர்நெட் வழியாக, மொத்தம் 7,000 டாலருக்குள் தரப்போகிறோம் என்றது. உடாசிட்டி என்ற நிறுவனம் வீடியோ பாடங்களுக்குக் கை கொடுத்தது. ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்தது. அப்போது அங்கே கம்ப்யூட்டிங் கல்லூரியின் டீனாக இருந்தவர் ஸ்வி கலில். 2014 ஜனவரியில் சுமார் 380 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. இதுவரை 10,000 பேருக்கு மேல் பட்டம் பெற்றுவிட்டார்கள். தொடக்கத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 134 டாலர் கட்டணம் இருந்தது. அதன் பிறகு கூடியிருக்கிறது என்றாலும், நேரில் போய்ப் படிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இன்றைக்கும் சிறு பங்குதான்.

முக்கியமான விஷயம், கையில் தரும் சான்றிதழில் "ஆன்லைன்" என்ற சொல் கிடையாது. கேம்பஸில் படித்தவர் பெறும் அதே எம்.எஸ். பட்டம்தான். ஆகையால் முடிப்பதற்கான விதிகளிலும் சலுகை கிடையாது.

வகுப்பறை இல்லாததால் இத்தனை நாற்காலிகள்தான் என்ற கணக்கு இங்கே இல்லை. குறைந்தபட்சத் தகுதி இருப்பவர்களுக்கு இடம் கொடுத்துவிடுவது என்பதே இவர்களின் கொள்கை. ஐ.ஐ.டி.யில் வாசலில் வடிகட்டுவார்கள், உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் முடித்துவிடுவார்கள். இங்கே வாசல் அகலம். வடிகட்டி உள்ளே இருக்கிறது.

கிரெடிட் என்றால் என்ன?

அமெரிக்கப் படிப்பில் வருடத்தை எண்ணுவதில்லை, கிரெடிட்டை எண்ணுகிறார்கள். செமஸ்டர் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு நடந்தால் அது ஏறக்குறைய ஒரு கிரெடிட். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். ஜார்ஜியா டெக்கில் எம்.எஸ். பட்டத்துக்கு 30 கிரெடிட் வேண்டும். அதாவது 10 பாடங்கள்.

மற்ற பல்கலைக்கழகங்களின் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஸ்டான்போர்டில் 45 யூனிட் கேட்பார்கள். அங்கே வருடத்தைக் குவார்ட்டர் முறையில் பிரிப்பதால் யூனிட்டின் அளவு சிறியது. 45 குவார்ட்டர் யூனிட் என்பது 30 செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எம்.சி.எஸ். படிப்பில் 32 கிரெடிட், 8 பாடங்கள். எண்கள் மாறினாலும் வேலையின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பத்துப் பாடத்தையும் உங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. மெஷின் லேர்னிங், கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ் என்பது போன்ற ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவை நீங்கள் எடுக்க வேண்டும். அந்தப் பிரிவின் பட்டியலிலிருந்து 5 அல்லது 6 பாடங்கள் கட்டாயம். மீதியை விருப்பப் பாடங்களாக நிரப்பிக் கொள்ளலாம். சேரும்போதே பிரிவை முடிவு செய்துவிட வேண்டியதில்லை. ஆனால் நான்கு பாடங்கள் முடிந்த பிறகும் முடிவு செய்யாமல் இருந்தால், எடுத்த பாடங்கள் எந்தப் பட்டியலிலும் சேராமல் கிடக்கும்.

ஒரு பேப்பரை எடுத்துப் பத்துக் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பாடம் என்று எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள். எக்ஸெல் தெரிந்தவர்கள் அதிலேயே செய்திடலாம். என்னுடையது கடைசி வரை பேப்பரில்தான் இருந்தது.

பாஸ் வேறு, பட்டம் வேறு

நம் ஊரில் 50 மார்க் எடுத்தால் பாஸ். அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக் கிளியர் செய்து கொள்ளலாம். கிளியர் ஆனபின் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கப் படிப்புக்குள் போகிறவர்தான் சிக்கிக் கொள்கிறார்.

ஜார்ஜியா டெக்கில் ஏ கிரேடுக்கு 4 புள்ளி, பி கிரேடுக்கு 3, சி கிரேடுக்கு 2, டி கிரேடுக்கு 1. பிளஸ், மைனஸ் எதுவும் கிடையாது. எல்லாப் பாடங்களின் சராசரியும் சேர்ந்து 3.0 இருந்தால்தான் எம்.எஸ். பட்டம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர் ஒன்பது பாடங்களில் பி வாங்குகிறார். ஒரே ஒரு விருப்பப் பாடத்தில் சி. விருப்பப் பாடத்தில் சி வாங்கினால் கிரெடிட் உண்டு, எனவே பத்துப் பாடங்களிலும் அவர் தேறிவிட்டார். சராசரி என்ன? 27 உடன் 2 சேர்த்து 29. பத்தால் வகுத்தால் 2.9. பட்டம் இல்லை! 30 கிரெடிட்டும் கையில் இருக்கிறது, பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, ஆனாலும் பட்டம் கிடையாது. இன்னொரு பாடம் எடுத்து அதில் ஏ வாங்க வேண்டும். ஒரு சி கிரேடை ஈடு கட்ட ஒரு ஏ கிரேடு தேவை என்பதை மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

சிறப்புப் பிரிவுப் பாடங்களில் இதைவிடக் கறார். அங்கே பி கிரேடுக்குக் கீழே வாங்கினால் அந்தப் பாடமே கணக்கில் சேராது. மறுபடி அதே பாடத்தையோ, பட்டியலில் அனுமதித்த வேறு பாடத்தையோ எடுக்க வேண்டும். மறுபடி எடுத்துப் பி வாங்கிவிட்டால் பழைய சி மறைந்துவிடுமா என்றால், மறையாது. இரண்டும் சராசரியில் நிற்கும். அரியர் கிளியர் ஆவதுபோல் இங்கே எதுவும் அழிவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நேரில் போய்ப் படித்தவர். கடைசி செமஸ்டரில் அவரது சராசரி 3.0க்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. ஊரில் அப்பா வாங்கியிருந்த கல்விக் கடனுக்குத் தவணை தொடங்கும் நேரம். அங்கே இவர் இன்னொரு செமஸ்டருக்குப் பணம் தேட வேண்டியிருந்தது. "எல்லாவற்றிலும் பாஸ்தான் அப்பா, ஆனால் பட்டம் வராது" என்பதைத் தொலைபேசியில் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது என்பார். கையிலிருக்கும் ஒரு கால்குலேட்டரால் இரண்டு செமஸ்டர் முன்பே தெரிந்து கொண்டிருக்கக் கூடிய விஷயம் இது.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அது டபிள்யூ. பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்குள் அந்தப் பாடத்திலிருந்து விலகிக் கொள்ளலாம். மார்க் பட்டியலில் டபிள்யூ என்று பதிவாகும். சராசரியைத் தொடாது. கட்டிய பணம் போனது போனதுதான். நம்மவர்கள் பலர் இதை அவமானமாக நினைத்துக் கடைசி வரை இழுத்துப் பார்த்து சி அல்லது டி வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் டபிள்யூவைத் தயங்காமல் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். செமஸ்டர் தொடங்கிய அன்றே விலகும் கடைசித் தேதியை மொபைல் காலண்டரில் அலாரத்தோடு குறித்து வைத்துவிடுங்கள்.

முதல் 12 மாதம்

எல்லா விதிகளிலும் அதிகப் பேரைத் தடுக்கி விழ வைப்பதாக எனக்குத் தோன்றுவது இந்த விதி. சேர்ந்த முதல் 12 மாதங்களுக்குள், அடிப்படைப் பாடங்கள் என்று குறித்திருக்கும் பட்டியலிலிருந்து இரண்டு பாடங்களைப் பி அல்லது அதற்கு மேலான கிரேடில் முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் படிப்பைத் தொடர முடியாது. வாசல் அகலம், வடிகட்டி உள்ளே என்று சொன்னேனே, அந்த வடிகட்டி இதுதான்.

முதல் செமஸ்டரில் ஒரு பாடம் மட்டும் எடுக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் டபிள்யூ வாங்கினால் இந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் வராது, ஆனால் மாதம் ஓடிக் கொண்டே இருக்கும். எனவே முதல் இரண்டு பாடங்களை ஆசைக்காக எடுக்காமல், உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமுள்ள பகுதியிலிருந்து எடுங்கள். மெஷின் லேர்னிங் படிக்கத்தானே சேர்ந்தேன் என்று அதையே முதலில் எடுப்பவர்கள் உண்டு. நல்ல பாடம்தான், ஆனால் பக்கம் பக்கமாக ஆய்வு அறிக்கை எழுத வேண்டியிருக்கும். வேலை பார்த்துக் கொண்டே படிக்கப் புதிதாகப் பழகும் நேரத்தில் அது வேண்டாம். கம்ப்யூட்டர் நெட்வொர்க், சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் போன்ற பாடங்கள் நம் பி.இ. சிலபஸுக்கு அருகில் இருப்பவை.

இதற்கு மேல் இன்னும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. மொத்தப் படிப்பையும் 6 வருடங்களுக்குள் முடித்தாக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் எந்தப் பாடமும் எடுக்காமல் இருந்தால் மறுபடி அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். திருமணம், குழந்தை, ஆன்சைட் வேலை எல்லாம் வரும் வயதில்தான் பெரும்பாலோர் இதைப் படிக்கிறார்கள். 6 வருடம் நீளமாகத் தெரியும். வருடத்துக்கு இரண்டு பாடம் என்று வைத்தால் 5 வருடம் போய்விடும், மிச்சம் ஒன்றுதான். தவிர, பாடக் கட்டணத்தோடு ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனியாகப் பொதுக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு பாடமாக எடுத்தால் அதைப் பத்து முறை கட்ட வேண்டும்.

பாடங்கள் எப்படி இருக்கும்?

வீடியோ பார்த்து, கிளிக் செய்து, பதில் சொல்லிவிட்டால் சான்றிதழ் வரும் குறுகிய காலப் படிப்பு போல இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு பாடத்துக்கு வாரம் 10 முதல் 20 மணி நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது எனக்கு.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தைப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பாட்டு ஓடுகிறது, ஃபைல் டவுன்லோட் ஆகிறது, நீங்கள் டைப் செய்கிறீர்கள். இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று மோதாமல் பங்கிட்டுக் கொடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. இந்தப் பாடத்தில் சி மொழியில் ஒரு ஃபைல் சர்வர் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் பலர் ஃபைல் கேட்டாலும் ஒருவருக்குப் போக வேண்டியது இன்னொருவருக்குப் போகக் கூடாது. நூறு முறை சரியாக ஓடி, நூற்றோராவது முறை நின்றுவிடும் புரோகிராம்களை எழுதிய அனுபவம் உங்களுக்கு இல்லை என்றால், இங்கே கிடைக்கும்.

செயற்கை அறிவு தொடர்பான ஒரு பாடத்தில் ரேவன் புதிர்களைத் தீர்க்கும் புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. கட்டங்களில் உருவங்கள் இருக்கும், ஒரு கட்டம் காலியாக இருக்கும், அங்கே எது வரும்? வேலைக்கான ஆப்டிட்யூட் தேர்வுகளில் பார்த்திருப்பீர்கள். நாம் பார்த்தவுடன் சொல்லிவிடுகிற பதிலைக் கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பது எத்தனை கஷ்டம் என்பது எழுதும்போதுதான் தெரியும்.

இந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியர் அசோக் கோயல் 2016ல் ஒரு வேடிக்கை செய்தார். சுமார் 300 மாணவர்கள் ஒரு செமஸ்டரில் 10,000 செய்திகள் போல அனுப்பிக் கேள்வி கேட்பார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்ல, ஐ.பி.எம். வாட்சன் தொழில்நுட்பத்தை வைத்து ஜில் வாட்சன் என்ற பெயரில் ஓர் உதவி ஆசிரியரை உருவாக்கி மற்றவர்களோடு சேர்த்துவிட்டார். பதில் சொல்வது மனிதர் இல்லை என்பது செமஸ்டர் முடியும் நேரத்தில்தான் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. சாட்ஜிபிடி வருவதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது.

எல்லாரும் பயப்படும் ஒரு பாடம்

கிராஜுவேட் அல்காரிதம்ஸ். பல சிறப்புப் பிரிவுகளுக்கு இது கட்டாயம். ஆகவே இதில் பி கிரேடு கட்டாயம். கேட்பவர்கள் அதிகம் என்பதால், பெரும்பாலோருக்கு இது படிப்பின் கடைசிக் கட்டத்தில்தான் கிடைக்கிறது. அதாவது, எட்டு ஒன்பது பாடங்களை முடித்து மூன்று வருடம் போன பிறகு இந்த மலை எதிரே வந்து நிற்கும்.

அல்காரிதம் என்றால் ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழிமுறை. சென்னையிலிருந்து மதுரைக்குக் குறைந்த தூரத்தில் போகும் வழியை உங்கள் மொபைல் மேப் நொடியில் காட்டுகிறது. நாடு முழுவதும் சாலைகள் எத்தனை இருந்தாலும் இந்தக் கேள்விக்கு வேகமான வழிமுறை இருக்கிறது. இப்போது கேள்வியைச் சற்று மாற்றுங்கள். சென்னையில் புறப்பட்டு, 50 ஊர்களுக்கும் ஒவ்வொரு முறை மட்டும் போய், மறுபடி சென்னைக்கே வர வேண்டும். மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது. ஆனால் இரண்டாவதற்கு, ஊர்களின் எண்ணிக்கை கூடினாலும் வேகமாக ஓடிச் சரியான விடை தரும் வழிமுறையை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இது போன்ற கணக்குகளை ஒரே குடும்பமாகச் சேர்க்கும் கோட்பாட்டுக்கு 1971ல் ஸ்டீபன் குக் அடித்தளம் போட்டார். 1972ல் ரிச்சர்ட் கார்ப் 21 கணக்குகளை அந்தக் குடும்பத்தில் காட்டினார். இதில் ஒன்றுக்கு வேகமான வழி கிடைத்தால் அத்தனைக்கும் கிடைத்துவிடும்.

இந்தப் பாடத்தின் தேர்வில் புரோகிராம் எழுதச் சொல்ல மாட்டார்கள். வழிமுறையை வார்த்தைகளில் எழுதி, அது ஏன் சரி, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று விளக்க வேண்டும். பெரும்பான்மை மார்க் தேர்வுகளுக்குத்தான். பத்து வருடம் கோடு எழுதியவர்களும் இங்கே திணறக் காரணம் அதுதான். என் யோசனை: கடைசியில் கிடைக்கிறது என்பதற்காகக் கடைசியில் படிக்கத் தொடங்காதீர்கள். தாஸ்குப்தா, பாபாடிமிட்ரியூ, வசிரானி மூவரும் எழுதிய அல்காரிதம்ஸ் புத்தகத்தை வாங்கி, பாடம் கிடைப்பதற்கு ஒரு வருடம் முன்பே வாரம் இரண்டு கணக்கு போட்டுப் பாருங்கள். கையால் எழுதிப் பழகுங்கள். இந்த ஒரு பாடத்துக்குக் கம்ப்யூட்டரைவிட ரஃப் நோட்டுதான் உதவும்.

தீசிஸ் கட்டாயமா?

நம் எம்.இ., எம்.சி.ஏ. படிப்புகளில் கடைசியில் பிராஜெக்ட் இல்லாமல் முடியாது. ஜார்ஜியா டெக் கேம்பஸில் படிப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. 30 கிரெடிட்டும் பாடமாகவே எடுக்கலாம். 21 கிரெடிட் பாடம், 9 கிரெடிட் பிராஜெக்ட் என்று போகலாம். 18 கிரெடிட் பாடம், 12 கிரெடிட் தீசிஸ் என்றும் போகலாம். வீட்டிலிருந்து படிப்பவர்கள் அநேகமாக எல்லாருமே முதல் வழியில்தான் முடிக்கிறார்கள். பி.எச்டி. போகும் எண்ணம் இருந்தால் மட்டும் தீசிஸ் பற்றி யோசியுங்கள். மற்றவர்களுக்குப் பாட வழியே போதும். இதனால் பட்டத்தின் மதிப்புக் குறைவதில்லை.

காப்பி அடித்தால்?

பணம் கொடுத்து பிராஜெக்ட் வாங்கி, பெயரை மட்டும் மாற்றி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் பகுதிகளில் பலருக்குத் தெரிந்ததுதான். அந்த எண்ணத்தோடு இங்கே வராதீர்கள். ஒருவரது கோடு இன்னொருவரது கோடுடன் ஒத்துப் போகிறதா என்று பார்க்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தனி சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அலெக்ஸ் ஐக்கன் 1994ல் உருவாக்கிய மாஸ் அவற்றில் புகழ்பெற்றது. வேரியபிள் பெயரை மாற்றினாலும், வரிகளை முன்பின்னாகப் போட்டாலும் அது கண்டுபிடித்துவிடும். இன்டர்நெட்டில் கிடைக்கும் பழைய மாணவர்களின் விடைகளும் ஒப்பிடப்படும் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாட்டினால் அந்த அசைன்மென்டுக்குப் பூஜ்யம் என்பதில் தொடங்கி, படிப்பிலிருந்தே நீக்குவது வரை போகலாம். சாட்ஜிபிடி போன்றவற்றை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதைப் பாடத்துக்குப் பாடம் சிலபஸிலேயே எழுதியிருப்பார்கள். முதல் நாள் அதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்க நினைப்பது இதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலான பாடங்களுக்குச் சாதாரண லேப்டாப் போதும். ராம் 8 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம், 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. ஏனென்றால் சில பாடங்களில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஒரு தனிக் கம்ப்யூட்டர் போல ஓட்ட வேண்டியிருக்கும். இதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒரு வீட்டுக்குள் இரண்டு குடித்தனம் வைப்பது போல, ராமும் ஹார்ட் டிஸ்க்கும் இருவருக்கும் பங்காகும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக் வைத்திருப்பவர்கள், இன்டெல் சிப்புக்காகத் தயாரித்த விர்ச்சுவல் மெஷின்கள் தங்கள் மேக்கில் ஓடுமா என்று பாடம் எடுக்கும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்.

தேர்வு வீட்டிலேயேதான். ஆனால் வெப் கேமராவும் மைக்கும் ஓடிக் கொண்டிருக்க, திரையும் பதிவாகிக் கொண்டிருக்கும். அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். தேர்வு நடக்கும்போது "சாப்பிட வா" என்று யாரும் கதவைத் திறந்து வராமல் இருக்க வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, மோடமுக்கு இல்லை. அதற்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கிக் கொள்ளுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வையுங்கள்.

பல பாடங்களில் அசைன்மென்டுக்குக் கடைசி நேரம் ஞாயிறு இரவு 11.59 என்று போட்டிருக்கும். இது அட்லாண்டா நேரம் இல்லை. உலகத்தில் எந்த மூலையிலாவது ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருக்கும் வரை என்ற கணக்கு. நம் நேரப்படி திங்கள் மாலை 5.29. கூடுதல் நேரம் கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் திங்கள் மாலை நீங்கள் ஆபீஸில் அல்லவா இருப்பீர்கள்? நான் ஞாயிறு இரவையே கடைசி நேரமாக வைத்துக் கொண்டேன். சில பாடங்களில் இத்தனை முறைதான் சமர்ப்பிக்கலாம் என்ற வரம்பும் உண்டு என்பதால், கடைசி நேரத்தில் அனுப்பிப் பார்த்துத் திருத்துவதும் நடக்காது.

இதில் கிடைக்காதவை

இந்தப் படிப்பைக் காட்டி அமெரிக்க மாணவர் விசா வாங்க முடியாது. படித்து முடித்த பின் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் அனுமதியும் கிடையாது. அதெல்லாம் நேரில் போய், செமஸ்டருக்குப் பொதுவாக 9 கிரெடிட்டாவது எடுத்து முழுநேரம் படிப்பவர்களுக்கு. நம் நாட்டில் அரசு வேலைக்கோ, கல்லூரி ஆசிரியர் பணிக்கோ இந்தப் பட்டத்தைக் காட்ட நினைப்பவர்கள், இன்டர்நெட் வழியாகப் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று உண்டா என்று சேரும் முன்பே உறுதி செய்து கொள்ள வேண்டும். கன்சல்டன்சியில் கேட்காதீர்கள், அந்த வேலைக்கான அறிவிப்பைப் படியுங்கள். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

பத்தாவது பாடம் முடிந்தவுடன் பட்டம் தானாக வீடு தேடி வராது. பட்டம் வேண்டும் என்று தனியாக ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு, அது கடைசி செமஸ்டர் முடிவதற்கு வெகு முன்பே வந்துவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த விண்ணப்பம் கொடுக்கும்போது பெயரைக் கவனியுங்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பி.இ. சான்றிதழில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்தும், பல்கலைக்கழகப் பதிவில் முன்பின் மாறியும் மூன்று விதமாக இருப்பது நம் பக்கத்தில் சகஜம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் வரும்படி பதிவைச் சரி செய்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.